68 என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்

கேள்வி:

அம்மா, எங்களுக்குக் குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமம். கணவர் லுங்கித் தறியில் வேலை செய்கிறார். நான் வீட்டில் பீடி சுற்றுகிறேன். வீட்டில் தெலுங்குதான் பேசுவோம். மூத்த பையனுக்கு ஒன்பது வயது, அரசுப் பள்ளியில் நான்காம் வகுப்பு. இன்னும் எழுத்துக் கூட்டிப் படிக்க வரவில்லை. கரும்பலகையைப் பார்த்து அழகாக எழுதிவிடுகிறான். எழுதியதைப் படி என்றால் விழிக்கிறான். ஆனால் ஆயிரம் பீடிக்கு இவ்வளவு கூலி என்றால் எழுநூற்றைம்பதுக்கு எவ்வளவு, கழிவு போனால் எவ்வளவு என்று எனக்குக் கணக்குச் சொல்வதே அவன்தான். சின்ன வயதிலிருந்து காது வடியும், மழைக்காலத்தில் அதிகம். வேலூரில் ஒரு தனியார் மையத்தில் காட்டினோம். அரை மணி நேரத்தில் சோதனை முடித்து, ‘ஐ.க்யூ. (நுண்ணறிவு எண்) 68, லேசான அறிவுசார் குறைபாடு’ என்று எழுதிக் கொடுத்தார்கள். வகுப்பு ஆசிரியை, சிறப்புப் பள்ளிக்கு மாற்றிவிடுங்கள் என்கிறார். நான் அத்தை மகனைத்தான் கட்டியிருக்கிறேன். சொந்தத்தில் கட்டியதால் வந்த வினை என்று மாமியார் சொல்லிக்கொண்டே இருக்கிறார். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுத்தால் ஆயுசுக்கும் முத்திரை என்று அண்ணன் தடுக்கிறார். என்ன செய்வது? அறிக்கையின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய அறிக்கையை இரண்டு முறை படித்தேன். இரண்டு பக்கத்திலும் உங்கள் பையனைத் தேடினேன், கிடைக்கவில்லை. உங்கள் கடிதத்தில் இருக்கிறான்: பீடிக் கணக்குச் சொல்கிறான், காது வடிகிறது, பார்த்து எழுதுகிறான், படிக்கத் தெரியாமல் விழிக்கிறான். சோதனை செய்தவர் இதில் ஒன்றையாவது உங்களிடம் கேட்டாரா? கேட்டிருந்தால் எழுதியிருப்பார். அறிக்கையின் கடைசி வரி, ‘சிறப்புக் கல்வி பரிந்துரைக்கப்படுகிறது’ என்பது. காய்ச்சல் என்று போனவருக்கு ‘மருந்து சாப்பிடவும்’ என்று மட்டும் எழுதிக் கொடுப்பதுபோல இருக்கிறது. என்ன மருந்து, எத்தனை வேளை?

முதல் வேலை, காது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

காது வடிகிறது என்றால் செவிப்பறையில் ஓட்டை இருக்கலாம், நடுக்காதில் நீர் தேங்கியிருக்கலாம். இப்படிப்பட்ட குழந்தைக்கு ஒரேயடியாகக் கேட்காமல் போவதில்லை, மங்கிக் கேட்கும். கோடையில் நன்றாகக் கேட்கும், ஐப்பசி மழையில் கேட்காது. கூப்பிட்டால் ஒரு சமயம் திரும்புவான், ஒரு சமயம் திரும்பமாட்டான். பார்ப்பவர்கள், ‘தின்பண்டம் என்றால் மட்டும் காது கேட்கிறது’ என்பார்கள். நாற்பது பிள்ளைகள் இரைச்சல் போடும் வகுப்பில், ஆசிரியை கரும்பலகைப் பக்கம் திரும்பிப் பேசும்போது, ‘பட்டு’ என்றாரா ‘பத்து’ என்றாரா என்பது அவனுக்குத் தெரியாது. ‘மரத்தை’, ‘மரத்தால்’, ‘மரத்தில்’ என்று தமிழ் தன் வேலையைச் சொல்லின் வாலில்தான் செய்கிறது. அந்த வால்தான் முதலில் மங்கும். எழுத்துக்கும் ஒலிக்கும் முடிச்சுப் போட வேண்டிய ஐந்து, ஆறு, ஏழு வயதில் ஒலி ஒழுங்காக வந்து சேரவில்லையென்றால் முடிச்சு எங்கே விழும்?

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. பிள்ளைகளைச் சோதித்து மதிப்பிடும் இந்த வேலைக்கு வந்த புதிதில், ஒடுகத்தூர்ப் பக்கம் மலையடிவாரத்திலிருந்து ஒரு சிறுமியை அழைத்து வந்தார்கள். சோதனைப் பெட்டியைப் பிரித்து வைத்து, ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து, ‘கவனம் குறைவு, புரிதல் மந்தம்’ என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அவள் தலையை எப்போதும் வலப்பக்கமாகச் சாய்த்தே உட்கார்ந்திருந்தாள். அதைக்கூடக் குறிப்பில் ‘கூச்ச சுபாவம்’ என்று எழுதினேன். ஆறேழு மாதம் கழித்து வேறொரு மருத்துவர் காதைப் பார்த்தார். இடது காதில் பாதிக்கு மேல் கேட்கவில்லை. அவள் சாய்ந்து உட்கார்ந்தது நல்ல காதை என் பக்கம் கொண்டுவரத்தான். அந்த அறிக்கையின் நகலை இன்றும் வைத்திருக்கிறேன். புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்குக் காட்டுவேன்.

ஆகவே குடியாத்தம் அரசு மருத்துவமனையிலோ அடுக்கம்பாறை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ காது-மூக்கு-தொண்டைப் பிரிவில் காட்டுங்கள். ‘காதைப் பார்த்தோம், சொட்டு மருந்து கொடுத்தோம்’ என்பதோடு திரும்பி வந்துவிடாதீர்கள். கேட்புத்திறன் சோதனை செய்து இரண்டு காதுக்கும் தனித்தனியாக வரைபடம் போட்டுத் தரச் சொல்லுங்கள். கண்ணையும் அப்படியே பார்த்துவிடுங்கள். சில நொடி நிலைகுத்திப் பார்த்துவிட்டு, கூப்பிட்டது தெரியாமல் மறுபடி விளையாட்டைத் தொடர்கிற பழக்கம் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். கை கால் வெட்டாமல் வரும் வலிப்பும் உண்டு, அது பகற்கனவு போலவே இருக்கும்.

அடுத்தது மொழி. அறிக்கையில் ‘பினே - காமத் சோதனை’ என்ற நுண்ணறிவுச் சோதனையின் பெயர் இருக்கிறது; எந்த மொழியில் கேட்டார்கள் என்று இல்லை. தமிழில்தான் கேட்டிருப்பார்கள். குடியாத்தத்தில் தெலுங்கு வீடுகளும், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கம் உருது வீடுகளும் எத்தனை என்று நம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வடஆர்க்காடு என்றிருந்த காலத்திலிருந்தே இது மும்மொழிச் சீமை. ஆனாலும் பிள்ளை வாயில் தமிழ் வருகிறது என்றதும் தமிழிலேயே சோதித்துவிடுகிறோம். தெருவில் விளையாடுகிற தமிழ் வேறு, ‘இந்த இரண்டுக்கும் என்ன ஒற்றுமை, என்ன வேற்றுமை’ என்று யோசித்துச் சொல்கிற தமிழ் வேறு. பினே - காமத் பெரும்பாலும் வாய்ச்சொல்லால் ஆன சோதனை. அதுவும் முதலில் கன்னட, மராத்திக் குழந்தைகளுக்காகத் தழுவி எழுதப்பட்டது. (கேள்விகளை இங்கே எழுத மாட்டேன். தொழில் நெறி, பெற்றோர் படித்துக் கொடுத்துவிட்டால் பிறகு சோதனைக்கு மதிப்பில்லை.) உங்கள் பையன் பீடியை எந்த மொழியில் எண்ணுகிறான் என்று கவனித்துப் பாருங்கள். ‘ஒகட்டி, ரெண்டு, மூடு’ என்று எண்ணினால், அவன் யோசிக்கிற மொழி எது என்று தெரிந்துவிடும்.

இனி அந்த 68. 1905இல் பாரிஸில் ஆல்ஃபிரட் பினே இந்தச் சோதனைக்கு விதை போட்டது, வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளில் யாருக்குக் கூடுதல் உதவி தேவை என்று கண்டுபிடிக்கத்தான். அறிவு என்பது பிறவியிலேயே அளந்து ஊற்றி மூடிவைத்த பொருள் என்று அவர் நினைக்கவில்லை. அப்படி நினைத்தவர்களைக் கடிந்துகொண்டவர் அவர். எந்த நுண்ணறிவுச் சோதனைக்கும் ஐந்து எண் இப்படி அப்படிப் பிழை உண்டு. ஆகவே 68 என்றால் 63க்கும் 73க்கும் நடுவில் எங்கோ என்று பொருள். அதுவும் சோதனை முறையாக நடந்திருந்தால். பசியோடு, முன்பின் தெரியாத அறையில், மங்கிய காதோடு, இரண்டாம் மொழியில், அரை மணி நேரத்தில் என்றால் அதுகூட இல்லை.

அதைவிட முக்கியம் ஒன்று உண்டு. அறிவுசார் குறைபாடு என்று எண்ணை மட்டும் வைத்து யாரும் எழுதக் கூடாது. அன்றாட வாழ்க்கையில் அந்த வயதுப் பிள்ளைகள் செய்வதை இவன் செய்கிறானா என்பதையும் அளக்க வேண்டும். அதற்கு வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது. இந்தியத் தழுவலில் 89 கூறுகள். கேள்வி பையனுக்கு இல்லை, உங்களுக்குத்தான். தானாகக் குளிக்கிறானா, கடைக்குப் போய் மீதிச் சில்லறை வாங்கி வருகிறானா, வீட்டுக்குள் உதவுகிறானா, தெருத் தாண்டித் தனியே போகிறானா, இப்படிப் போகும். உங்கள் அறிக்கையில் இது இல்லவே இல்லை. எழுநூற்றைம்பது பீடிக்குக் கூலி போட்டு, கழிவையும் கழித்துச் சொல்கிற ஒன்பது வயதுப் பிள்ளை அறிவுசார் குறைபாடுள்ளவன் என்று எழுத எனக்குக் கை வராது. ஆனால் பார்க்காமல் ‘இல்லவே இல்லை’ என்று எழுதுவதும் அதே தவறின் மறுபக்கம். ஆகையால் சந்தேகத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

உங்கள் பையன் என் முன்னால் உட்கார்ந்தால் நான் என்ன செய்வேன் என்று சொல்கிறேன். மறுமதிப்பீட்டுக்குப் போகும்போது எதை எதிர்பார்க்கலாம் என்று தெரிந்துகொள்ள உதவும்.

பெட்டியைத் திறக்க மாட்டேன். முதலில் உங்களோடு பேச்சு: பிறந்ததும் அழுதானா, மஞ்சள் காமாலை இருந்ததா, எப்போது நடந்தான், எப்போது முதல் சொல். பிறகு அவனோடு தரையில் உட்கார்ந்து ஒன்றாம் வகுப்புப் பாடப் புத்தகத்தைப் பிரிப்பேன். அவன் படிப்பான், நான் திருத்தாமல் கேட்டுக் குறித்துக்கொள்வேன். தப்பு எத்தனை என்பதைவிட எந்த மாதிரித் தப்பு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ‘பட்டம்’ படித்துவிட்டு ‘கொக்கு’ என்ற இடத்தில் நின்றானா? கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் ‘க’. கண் இடமிருந்து வலமாகப் போகிறது, ஒலியோ மூன்றும் சேர்ந்த பிறகுதான் பிறக்கிறது. இந்த இடத்தில் நம் பிள்ளைகள் பலர் இடறுவார்கள். ‘காகம்’ என்பதில் முதல் ‘க’ ஓர் ஒலி, இரண்டாவது வேறொலி, எழுத்து ஒன்றுதான். தெலுங்கில் இந்த இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்து உண்டு. அந்தக் காதோடு வரும் பிள்ளைக்குத் தமிழ் எழுத்து ஏமாற்றுவதுபோலத் தெரியும். யாரோ எங்கோ ஆங்கிலத்தில் எழுதிவைத்த ‘எழுத்தைத் திருப்பிப் போடுகிறானா’ என்ற கேள்வியையே இங்கேயும் கேட்டுக்கொண்டிருந்தால் இதெல்லாம் கண்ணில் படாது.

பிறகு சொல்வதை எழுதச் சொல்வேன்: பந்து, பம்பரம், பாம்பு. ‘பபரம்’ என்று எழுதினால் மெல்லினம் காதில் விழவில்லை, அல்லது விழுந்தும் பிரியவில்லை. பிரிகிறதா என்று பார்க்க ஒரு விளையாட்டு. ‘கடலை’ என்பதில் ‘க’வை எடுத்துவிட்டுச் சொல். ‘டலை’ என்று சிரித்துக்கொண்டே சொல்லும் பிள்ளைக்குச் சொல்லை உடைக்கத் தெரிந்திருக்கிறது. இதையே தெலுங்குச் சொற்களை வைத்தும் ஆடுவேன். தெலுங்கில் சரியாகச் செய்து தமிழில் தடுமாறினால் மொழிப் பழக்கம் போதவில்லை. இரண்டிலும் தடுமாறி, காதும் நன்றாக இருக்கிறது என்றால், டிஸ்லெக்சியா என்கிற கற்றல் குறைபாடாக இருக்கலாம் என்று யோசிக்கத் தொடங்குவேன். பார்த்து எழுத வருகிறது, படிக்க வரவில்லை என்று நீங்கள் எழுதியது இந்தப் பக்கம்தான் கை காட்டுகிறது: அவன் எழுத்தை எழுதவில்லை, கோலம்போல வரைகிறான். கண்ணும் கையும் நன்றாகவே வேலை செய்கின்றன.

கடைசியாக, எனக்கு மிகவும் நம்பிக்கையுள்ள சோதனை: கற்றுக்கொடுத்துப் பார்ப்பது. அவனுக்குத் தெரியாத மூன்று எழுத்துகளை எடுத்து, மணலில் எழுதி, ஒலி சொல்லி, பத்து நிமிடம் சொல்லிக்கொடுப்பேன். மறுநாள் எத்தனை நின்றது, ஒரு வாரம் கழித்து எத்தனை நின்றது? பார்த்துக் கற்றபோது நின்றதா, தொட்டுக் கற்றபோதா, பாட்டாகச் சொன்னபோதா? திங்கட்கிழமை காலையில் ஆசிரியை அவனை எங்கே உட்கார வைக்க வேண்டும், எந்தப் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும், எதைச் செய்யச் சொல்லக் கூடாது என்று அறிக்கையில் எழுத எனக்கு இது வேண்டும். 68 என்பதிலிருந்து அதை எழுத முடியாது.

எங்கே போவது? பள்ளியிலிருந்தே தொடங்கலாம், பணம் செலவில்லை. ஒவ்வொரு ஒன்றியத்திலும் வட்டார வள மையம் இருக்கிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்புப் பயிற்றுநர்கள் அங்கே இருப்பார்கள். பையனை வந்து பார்க்கும்படி தலைமையாசிரியர் வழியாகக் கேளுங்கள், வாயால் மட்டும் சொல்லாமல் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அவர்கள் நடத்தும் மருத்துவ மதிப்பீட்டு முகாமுக்குப் போகலாம். ஆனால் முகாமில் கூட்டம் நெரியும், ஒரு பிள்ளைக்கு அரை மணி கிடைத்தால் அதிர்ஷ்டம். அதை வாசலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். விரிவான மதிப்பீட்டுக்கு அடுக்கம்பாறை இருக்கிறது, பாகாயத்தில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையத்தில் குழந்தைகளுக்கென்றே ‘நம்பிக்கை நிலையம்’ என்ற பிரிவு இருக்கிறது. எங்கே போனாலும் சோதிப்பவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. கேட்டதும் முகம் சுளிப்பவரிடம் பையனைக் கொடுக்காதீர்கள். தெலுங்கு தெரிந்தவர் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்றும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அட்டை விஷயத்தில் உங்கள் அண்ணன் பாதி சரி. இப்போது, இந்த அறிக்கையை வைத்து எடுக்க வேண்டாம். தனியார் மையம் கொடுத்த தாள் சான்றிதழும் ஆகாது. அரசு அறிவித்த மருத்துவ அதிகாரிகள்தான் சான்று தர முடியும். ஆனால் ‘எடுக்கவே கூடாது’ என்பது தவறு. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைகள்தான் இருந்தன. கற்றல் குறைபாடு அதில் இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளாக விரித்தபோது அதுவும் சேர்ந்தது. 2018இல் வந்த மத்திய அரசின் மதிப்பீட்டு வழிகாட்டுதல்கள் கற்றல் குறைபாட்டுச் சான்றுக்கு எட்டு வயது முடிந்திருக்க வேண்டும் என்றும், 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி மதிப்பிட வேண்டும் என்றும் சொல்லின. ஆயுசுக்கும் முத்திரை என்றால் மறுமதிப்பீடு எதற்கு? பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு என்ற சலுகைகள் அந்தச் சான்றை வைத்துத்தான் கிடைக்கும். அட்டையில் எந்த வகை என்று எழுதப்படுகிறது என்பதில்தான் கவனம் வேண்டும். வகை மாறினால் சலுகையும் மாறும், பையனை எல்லாரும் பார்க்கிற பார்வையும் மாறும். அதனால்தான் காதும் மறுமதிப்பீடும் முதலில்.

பள்ளி மாற்றம் வேண்டாம். 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உறுதியான பிள்ளைக்குக்கூட 6 முதல் 18 வயதுவரை அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்க 2016ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தருகிறது. தேர்வு உங்களுடையது. ஆசிரியையிடம் சட்டம் பேசிக்கொண்டு போகாதீர்கள்; அவரும் ஒரே ஆளாக எத்தனை பிள்ளைகளை இழுக்கிறாரோ. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தானே பாடம் நடத்துகிறார்கள்? இவன் அரும்பில் எந்த இடத்தில் நிற்கிறான் என்று கேளுங்கள். முதல் வரிசையில், நன்றாகக் கேட்கும் காது ஆசிரியையின் பக்கம் இருக்கும்படி உட்கார வைக்கக் கேளுங்கள். இந்த இரண்டையும் எந்த ஆசிரியையும் மறுக்கமாட்டார். தப்பாகப் படித்த சொல்லைப் பத்து முறை எழுதும் தண்டனையை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். வரைபவனுக்கு அது பத்துக் கோலம்.

மாமியாரைப் பற்றி. சொந்தத்தில் கட்டினால் பிறவிக் காதுக்குறை போன்ற சில குறைபாடுகளுக்கு வாய்ப்புக் கூடும் என்பது உண்மைதான். மருத்துவரிடம் அதை மறைக்காமல் சொல்லுங்கள், கருவுற்றிருந்தபோது பீடி சுற்றியதையும் சொல்லுங்கள். அது மருத்துவருக்குத் தேவையான தகவல். வீட்டில் தினமும் அரைக்க வேண்டிய மாவு இல்லை. அந்தக் கல்யாணத்தைப் பேசி முடித்தவரே உங்கள் அத்தையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

வடிகிற காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்ற வேண்டாம். மூலிகைச் சாறும் வேண்டாம். கிணற்றிலோ ஏரியிலோ குளிக்க விடாதீர்கள். தலைக்கு ஊற்றும்போது வாசலைனில் தோய்த்த பஞ்சைக் காதில் வையுங்கள், பிறகு எடுத்துவிடுங்கள். மாலையில் நீங்கள் பீடி சுற்றும்போது பக்கத்தில் உட்காரவைத்து, சொல் உடைக்கும் அந்த விளையாட்டை ஆடுங்கள், தெலுங்கிலும் தமிழிலும். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். புத்தகம் வேண்டாம்.

கேட்புத்திறன் வரைபடம் கைக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள். அதோடு, நீங்கள் சொல்லச் சொல்ல அவன் எழுதிய ஒரு பக்கத்தையும் அனுப்புங்கள். யாரும் சிவப்பு மை போடாத பக்கமாக இருக்கட்டும்.